நாற்பத்தொன்றாவது மணி

மன்றத்தின் பெயர்ப்பலகையை
என் லாரிதான் சாய்த்தது.
மிராமிஷி ஆற்றோரம், மார்ச் மாதம்,
பனி உருகி மறுபடி இறுகிய சாலை.
குடித்திருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.
காகித ஆலை மூடி ஏழு மாதம்;
சங்கு ஊதாத காலைகளில்
எப்போது எழுவதென்று
உடம்புக்குத் தெரியவில்லை.

வழக்கு இலையுதிர்காலத்தில்தான் வந்தது.
நீதிபதியம்மா தாளிலிருந்து தலை நிமிராமல்
நாற்பது மணிநேரச் சேவை என்றார்.
எங்கே என்று கேட்டேன்.
எதைச் சாய்த்தீர்களோ, அங்கே.

முதல் எட்டு மணி பலகைக்கே போனது.
மஞ்சள் பூச்சு, நீல எழுத்து.
கணக்கு தப்பி, இடம் போதாமல்
கடைசி எழுத்து ஒடுங்கிவிட்டது.
தலைவி டெல்ஃபின் ஆர்சனோ
பகலில் பல் மருத்துவரிடம் வரவேற்பாளர்,
எதற்கும் பதறாதவள்.
தள்ளி நின்று பார்த்தாள்.
"லாரியில் போகிறவனுக்குத் தெரியாது" என்றாள்.

பிறகு கண்ணாடிகள்.
ஊர் கழற்றிப் போட்ட மூக்குக்கண்ணாடிகள்
பெட்டி பெட்டியாக.
வெந்நீரில் அலசி, துணியில் ஒற்றி,
கருவியில் வைத்து எண் பார்த்து
பையின்மேல் எழுத வேண்டும்:
கழித்தல் இரண்டேகால்.
கூட்டல் மூன்று.
எங்கேயோ, பெயர் தெரியாத கண்களுக்கு.
ஒன்றில் காதுக்கம்பி கடிபட்டிருந்தது;
யோசிக்கும்போது கடிக்கிறவர் யாரோ.
இன்னொன்றின் மூக்குத்தண்டில் முகப்பவுடர்.
"அதை நான் அலசுகிறேன்" என்று
வெண்டல் ஹாஷே வாங்கிக்கொண்டான்.
வாங்கியவன் அலசவில்லை.
சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.
அவன் மனைவி போய் ஒரு வருடம் என்று
பிற்பாடு யாரோ சொன்னார்கள்.

நான் மணியை எண்ணிக்கொண்டிருந்தேன்.
முப்பத்தொன்பது வரைக்கும்
ஒவ்வொரு மாலையும் தாளில்
டெல்ஃபினின் கையெழுத்து.

நாற்பதாவது மணியில் விளக்கு போனது.
ஜனவரி. உறைமழை.
மின்கம்பிகள் கண்ணாடிக் குழாய்களாகி
ஒவ்வொன்றாக முறிந்த சத்தம்.
"போகும்போது பூட்டிவிடு" என்று சாவியைத் தந்து
டெல்ஃபின் மாங்க்டனுக்குப் போயிருந்தாள்.
சாலையை மூடிவிட்டார்கள்.

தெருவிலேயே விறகடுப்பு இருந்தது
மன்றத்தின் கூடத்தில் மட்டும்.
கைக்குழந்தையோடு ஒருத்தி வந்தாள்.
ஆக்சிஜன் உருளையை இழுத்துக்கொண்டு ஒருவர்.
அப்புறம் தெரு முழுக்க.
அவரவர் குளிரோடு அப்படியே நின்றார்கள்.
"இங்கே யார் பொறுப்பு?"
கேட்ட திசையில் நானும் திரும்பிப் பார்த்தேன்.
எனக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.

சாவி என் கையில் இருந்தது, அவ்வளவுதான்.
"ஜெனரேட்டர் யார் வீட்டில் இருக்கிறது?"
சொன்னது நான்தான்.
ஆலையில் இருபத்திரண்டு வருடம்
ஓடும் காகிதச் சுருளைப் பார்த்து
"சரி", "சரியில்லை" என்றதைத் தவிர
யாரிடமும் எதுவும் சொல்லிப் பழக்கமில்லை.

தப்பாகவும் சொன்னேன்.
முதல் இரவே பாதி விறகு தீர்ந்தது,
என் யோசனைதான்.
விடியலில் நாற்காலிகளை உடைத்தோம்.
நான் உட்கார்ந்திருந்ததை முதலில் உடைத்தேன்.
அதற்கப்புறம் சொன்னதைக்
கொஞ்சம் கேட்டார்கள்.

ஆக்சிஜன்காரருக்கு மாத்திரைச் சீட்டு படிக்க முடியவில்லை.
கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார்.
கட்டி வைத்த பைகளைப் பிரித்துத் தேடினேன்.
கூட்டல் மூன்று எதிலும் இல்லை.
வெண்டல் வெகுநேரம் அடுப்பைப் பார்த்திருந்தான்.
பிறகு சட்டைப்பையிலிருந்து எடுத்து
பவுடரைத் துடைக்காமலே நீட்டினான்.

மூன்றாம் நாள் விளக்கு வந்தது.
டெல்ஃபினும் வந்தாள்.
இல்லாத நாற்காலிகளை எண்ணினாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
தாளில் நாற்பது என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.
மீதி மணிகள் என்றேன்.
"கோர்ட்டுக்குத் தேவை நாற்பதுதான்.
மீதியை வேறெங்காவது எழுதிக்கொள்"
என்று ஒரு படிவத்தைத் தள்ளினாள்.

உறுப்பினர் விண்ணப்பம்.
பெயர்: லோர்ன் டூசே.
தொழில்: கட்டத்தைத் தாண்டிவிட்டேன்.
பரிந்துரைத்தவர்:
நீதிபதியம்மாவின் முழுப்பெயரையும் எழுதினேன்.
இடம் போதாமல்
கடைசி எழுத்து ஒடுங்கிவிட்டது.